வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு எந்தக் கன்று, எவ்வளவு தண்ணீர்

கன்று வாங்க வெளிக்கிடுவதற்கு முதல், அதை எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்களோ அங்கே பகல் பத்துப் பதினொரு மணிக்கு ஒருக்கால் போய் நில்லுங்கள். லைற்றைப் போட வேண்டாம். ஒரு வெள்ளைக் கடதாசியை அந்த இடத்தில் வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை விரித்துப் பிடியுங்கள். ஐந்து விரலும் பிரிந்து விளிம்பு கூராக நிழல் விழுந்தால் அது நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஆனால் விளிம்பு கலங்கிக் கிடக்கிறது என்றால் நடுத்தரம். ஏதோ ஒரு மங்கல் மட்டும் தெரிந்தால் குறைந்த வெளிச்சம். நிழலே விழவில்லையா, அங்கே எந்தக் கன்றும் வாழாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் வாழாது.

இதைப் பார்க்காமல்தான் அநேகம் பேர் வாங்குகிறோம். நேர்சரியில் வடிவாக நின்றதைக் கண்டு ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் எந்த மூலை வெறுமையாகக் கிடக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறோம். அந்த மூலை ஏன் வெறுமையாகக் கிடந்தது? கதிரை போட்டு இருந்து பேப்பர் பார்க்கக்கூட வெளிச்சம் போதாத மூலை என்பதால்தான். மூன்று மாதத்தில் கன்று போய்விடும், பிறகு "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிக்கொண்டு சாடியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிடுவோம். கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். வெளியே பஞ்சமில்லை. வீட்டுக்குள்தான் இருட்டு, அதுவும் வெயிலைத் தள்ளி வைப்பதற்காக நாங்களே செய்துவைத்த இருட்டு. முன்னுக்கு அகலமான விறாந்தை, தாழ்ந்த தாவாரம், சுற்றிவர மாவும் வேம்பும், தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி வராமல் சாத்தி வைக்கிற யன்னல், அதற்குள்ளே தடித்த சீலை. நாற்சார் வீடு என்றால் நடுமுற்றத்தால் வெளிச்சம் இறங்கும், நான்கு பக்க உள்விறாந்தையிலும் எந்தக் கன்றும் நிற்கும். இப்போது கட்டுகிற வீடுகளில் நடுவிலே இருக்கிற ஹோலுக்கு வெளிச்சம் வர வழியே இல்லை, இரண்டு பக்கமும் அறை, முன்னுக்கு விறாந்தை, பின்னுக்குக் குசினி.

எங்கள் கண்ணை நம்ப முடியாது. அது வெளிச்சத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும், அதனால் அறை பிரகாசமாக இருப்பதுபோலவே தெரியும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் ஏறக்குறைய 100,000 லக்ஸ் இருக்கும். வெளியே திறந்த நிழலில் 10,000 அளவு. யன்னலுக்குக் கிட்டவாக உள்ளே வைத்தால் ஆயிரம், இரண்டாயிரம். அதே அறையின் மறுகோடியில் பார்த்தால் 100, 200 தான் இருக்கும். ஃபோனில் லக்ஸ் அளக்கிற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது போதும். பகலின் பெரும்பகுதி 250, 300 லக்ஸாவது கிடைக்கிற இடம்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற கன்றுகளுக்கு அடிமட்டம். அதற்குக் கீழே போனால் பல்ப் போட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. இணையத்தில் வாசிக்கிற குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காக்காரர் எழுதியவை. தெற்கு யன்னலில் வெயில் அதிகம், வடக்கு யன்னல் எப்போதும் நிழல் என்று அவற்றில் இருக்கும். எங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, ஏறக்குறைய வடக்கு 9.7 பாகையில் இருக்கிறோம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வருகிறது, அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசிவரை அது வடக்குப் பக்கமாகத்தான் நிற்கிறது. ஆகவே மே, ஜூன், ஜூலையில் எங்கள் வடக்கு யன்னலுக்கு வெயில் வரும். மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும், அப்போது தெற்கு விறாந்தைக்குள் வெயில் நீளமாக நுழையும். ஒரு வருடம் முழுக்கப் பார்த்தால் எங்களுக்கு நல்லது கிழக்கு யன்னல்தான், காலை வெயில் இதமாக வந்து போய்விடும். மேற்கு யன்னலைக் கவனியுங்கள். பின்னேரம் மூன்று மணி வெயில் கண்ணாடிக்குள்ளால் வந்து விழுந்தால் நிழல் விரும்பும் இலை ஒரே நாளில் வெந்து வெள்ளைத் திட்டாகிவிடும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இருட்டு கொல்வதைவிடத் தண்ணீர் கொல்வது அதிகம்

எங்கள் வீட்டில் காலமை முற்றத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்ட கையோடு உள்ளே இருக்கிற சாடிகளுக்கும் ஒவ்வொரு செம்பு விடுவது வழக்கமாக இருந்தது. வெளியே நிற்கிற செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் அது சரி, இந்த வெயிலில் பின்னேரமே மண் காய்ந்துவிடும். உள்ளே சாமியறை வாசலில் ஒரு மருள் (ஸ்நேக் பிளான்ட்) நின்றது, வாங்கி ஒன்பது மாதம் இருக்கும். ஒரு நாள் அதன் நடு இலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிமிர்த்துவோம் என்று பிடித்தேன், இலை கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் மஞ்சளாகி, பழுத்த வாழைத்தண்டுபோல நொளுநொளு என்றிருந்தது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் சாக்கடை மணம். வேரைப் பிடித்து இழுத்தபோது மேல்தோல் உறைபோல உருவி வந்து, உள்ளே மயிர்போல ஒரு நார் மட்டும் மிஞ்சியது. மேலே இலை முழுக்கப் பச்சையாக நின்ற காலத்திலேயே கீழே வேர் செத்திருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் சுலபம். இலை வெளிச்சத்தை வைத்துத்தான் உணவு சமைக்கிறது, அந்த வேலைக்கும் தண்ணீர் வேண்டும். வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறைந்த இடத்தில் அந்த வேலையும் குறைவு, வெயிலும் காற்றும் இல்லாததால் இலையிலிருந்து ஆவியாகிப் போவதும் குறைவு, சாடி மண் காய்வதும் தாமதம். ஆனால் நாங்கள் விடுகிற செம்பு மட்டும் அதே செம்பு. மண்ணுக்குள் காற்று நிற்க வேண்டிய இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிறைகிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். அது திணறும்போது பங்கசு உள்ளே போய் அழுகப் பண்ணுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே இலை வாடுகிறது, வாடிய இலையைப் பார்த்தவுடன் எங்கள் மனம் பொறுக்காமல் இன்னொரு செம்பு விடுகிறோம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் அது தாகம் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்தாலே அரைவாசிக் கன்றுகள் தப்பிவிடும்.

அப்படியென்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவது? நாள்க்கணக்கு வேண்டாம். ஈர்க்கு போதும். விளக்குமாற்றிலிருந்து ஒரு காய்ந்த ஈர்க்கை உருவி, துடைத்து, சாடியின் ஓரமாக அடிவரை மெதுவாக இறக்குங்கள். ஐந்து நிமிடம் விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் நிறம் கறுத்திருக்கும், மண்ணும் ஒட்டியிருக்கும். மருளுக்கும் ஸீஸீ பிளான்ட்டுக்கும் ஈர்க்கு அடிவரை காய்ந்து வரவேண்டும், அதற்கு முதல் ஒரு துளியும் வேண்டாம். மணி பிளான்ட், அக்லோனீமா, சிங்கோனியத்துக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் விடலாம். விடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், அடி ஓட்டையால் வடியுமட்டும் நன்றாக விட்டு, வடிந்து முடிந்ததும் கீழ்த்தட்டை ஊற்றிவிட வேண்டும். இப்படிப் பார்த்தால் வைகாசி, ஆனியில் சோளகம் வீசும்போது கிழமைக்கு ஒருமுறை தேவைப்படுகிற அதே மணி பிளான்ட்டுக்கு, ஐப்பசி கார்த்திகை மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறைகூட வேண்டியிருக்காது. மழை பெய்து வானம் மூடியிருக்கும் நாட்களில் வீட்டுக்குள் வெளிச்சமும் பாதியாகிவிடும். எங்கள் ஊரில் உள்வீட்டுக் கன்றுகள் அதிகம் சாகிற காலம் கோடை இல்லை, மாரிதான்.

எதை வாங்குவது

குறைந்த வெளிச்சத்தை விரும்புகிற கன்று என்று எதுவும் இல்லை. தாங்கிக்கொள்கிற கன்றுகள்தான் இருக்கின்றன. பெருங்காடுகளில் மரநிழலுக்குக் கீழே வளர்ந்து பழகியவை, அல்லது கிழங்கிலும் இலையிலும் தண்ணீரைச் சேமித்து மெதுவாக வாழத் தெரிந்தவை.

முதலில் மருள். கடையில் ஸ்நேக் பிளான்ட் என்பார்கள். மஞ்சள் விளிம்போடு விற்பது மேற்கு ஆபிரிக்கப் பக்கத்துச் சாதி, ஆனால் மருளில் எங்கள் நாட்டுச் சாதியும் இருக்கிறது, அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இலங்கை வருகிறது, ஸெய்லானிக்கா. நார் உரித்துக் கயிறு திரிக்க அந்தக் காலத்தில் பயன்பட்ட இனம். தாவரவியலாளர் முன்பு சான்செவியேரியா என்று தனியாக வைத்திருந்த இந்தக் கூட்டத்தை இப்போது டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே லேபலில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். மஞ்சள் விளிம்பு அதிகமுள்ளதைவிடக் கரும்பச்சை அதிகமுள்ளது இருட்டைக் கூடத் தாங்கும். இந்த விதி எல்லாக் கன்றுக்கும் பொருந்தும்: வெள்ளை, மஞ்சள் பட்ட இடத்தில் பச்சையம் மிகக் குறைவு, அந்தப் பகுதி உணவு சமைப்பதும் குறைவு. வெளிச்சமும் குறைவு, பச்சையும் குறைவு என்றால் கன்று எதை வைத்துச் சீவிப்பது?

இரண்டாவது ஸீஸீ பிளான்ட். கிழக்கு ஆபிரிக்காவின் வறண்ட நிலத்திலிருந்து வந்தது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கு வைத்திருக்கும், அதில் தண்ணீர் இருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அப்படியே நிற்கும். வெளியூரில் வேலை, கிழமை முடிவில்தான் வீடு என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். விலை கொஞ்சம் கூட. வளர்த்தி மிக மெதுவு, ஆகவே எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவிலேயே வாங்குங்கள், சின்னதை வாங்கிப் பெரிதாக்குவோம் என்று நினைத்தால் வருடக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

மணி பிளான்ட்டுக்கு அறிமுகம் தேவையில்லை, பக்கத்து வீட்டில் ஒரு முழம் கேட்டால் தருவார்கள். இதன் பிறந்த ஊர் பசுபிக் சமுத்திரத்தில் தாகித்திக்குப் பக்கத்திலுள்ள மூரியா என்ற சின்னத் தீவு. இதை நான் ஒரு வெளிச்ச மானியாகவும் பயன்படுத்துகிறேன். கொடியில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையில் இருக்கிற தண்டைப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தால் வெளிச்சம் போதும். ஒரு சாண் நீளத்துக்குத் தண்டு இழுபட்டு, நுனியில் சின்னஞ்சிறு இலை ஒன்று விட்டிருந்தால், அது வெளிச்சத்தைத் தேடி அலைகிறது. அந்தக் கொடியை வெட்டி, கணு தண்ணீருக்குள் இருக்குமாறு போத்தலில் போட்டு யன்னலடியில் வைத்து, வேர் விட்டதும் அதே சாடியில் திரும்ப நடுங்கள், அடி அடர்த்தியாகும். வேலியோரத்தில் மட்டும் தரையில் நட வேண்டாம். மரத்தில் ஏறத் தொடங்கினால் இலை தாம்பாளம் அளவுக்குப் பெருத்து மரத்தையே மூடிவிடும், பிறகு அகற்றுவது பெரும்பாடு.

அக்லோனீமா எனக்கு மிகப் பிடித்தது. சிவப்பும் ரோசும் கலந்த புதிய சாதிகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், உள்ளே வைத்தால் சில மாதத்தில் சாயம் போனதுபோல் ஆகிவிடும். சாம்பல் கலந்த பச்சைக்காரிதான் உள் அறைக்கு ஏற்றவள். ஏசி போட்ட அறையில் காற்று நேரே அடிக்கிற இடத்தில் வைக்காதீர்கள். சிங்கோனியம் சுலபம், சொல்ல அதிகமில்லை. பீஸ் லில்லி தாகம் எடுத்தால் முழுக் கன்றும் தொங்கிப்போய்ச் சொல்லும், தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் எழும்பிவிடும், அதனால் தொடக்கக்காரருக்கு நல்ல பள்ளிக்கூடம். ஆனால் இருட்டில் பூக்காது, இலைக்காகத்தான் வைக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரோடும் அதற்கு ஒத்துவராது, கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். லக்கி பம்பூ என்பது மூங்கிலே இல்லை, ஆபிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா. தண்ணீரில் வைத்தும் வளர்க்கலாம், நேர் வெயில் படக்கூடாது.

குரோட்டன், செவ்வரத்தை, ரோசா, துளசி இவற்றை உள்ளே வைக்கவே வேண்டாம். குரோட்டனின் நிறமே வெயிலின் நிறம்தான், உள்ளே வந்தால் இலை கொட்டி ஈர்க்குபோல நிற்கும். கலாத்தியா நிழல்காரிதான், படம் பார்த்து நிறையப்பேர் ஆசைப்படுகிறார்கள், ஆனால் அதற்கு எப்போதும் ஈரக்காற்றும் மென்தண்ணீரும் வேண்டும். எங்கள் சோளகக் காற்றில் அதன் இலை ஓரம் கருகுவதைத் தடுக்கப் பட்ட பாட்டுக்கு நான் வேறு நான்கு கன்று வளர்த்திருக்கலாம். உங்களுக்கு நேரமும் மழைத்தண்ணீரும் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். டிபன்பாக்கியா என்ற பெரிய இலைக்காரிதான் இவற்றில் மோசம். அதன் சாற்றில் கல்சியம் ஒக்சலேற்று ஊசிகள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத பளிங்கு ஊசிகள். கடித்தால் நாக்கும் உதடும் எரிந்து வீங்கும், பேச்சே எழும்பாது. மணி பிளான்ட், அக்லோனீமா, சிங்கோனியம், பீஸ் லில்லி, ஸீஸீ எல்லாவற்றிலும் அதே வகை ஊசிகள் கூடக்குறைய உண்டு, பூனைக்கும் நாய்க்கும் ஆட்டுக்கும் ஆகாது. தவழ்கிற பிள்ளை இருக்கிறதென்றால் டிபன்பாக்கியாவை வாங்கவே வேண்டாம், மற்றவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய பிறகு கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

வாங்கும்போதும் வாங்கிவந்த பிறகும்

நேர்சரியில் கன்றின் மேல் அழகைப் பார்ப்பதற்கு முன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், காம்பு தண்டோடு சேர்கிற கக்கத்தைப் பாருங்கள். பஞ்சுபோல வெள்ளையாக இருந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி, அந்த ஒரு கன்று வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும். சாடியின் அடி ஓட்டையைப் பாருங்கள், வேர் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நல்லது, கயிறுபோல் சுற்றிக்கொண்டிருந்தால் உடனே சாடி மாற்ற வேண்டிவரும். புதிதாக ஒரு குருத்து சுருண்டு நிற்கிற கன்றை எடுங்கள். பெரிய கன்றைவிடக் குருத்துள்ள சின்னக் கன்று மேல்.

அது இவ்வளவு காலமும் நிழல்வலைக்குக் கீழே, உங்கள் அறையைவிடப் பல மடங்கு வெளிச்சத்தில் நின்றது. தெற்குப் பக்கமிருந்து லொறியில் வந்த கன்று என்றால் அங்குள்ள ஈரக்காற்றுக்கும் பழகியிருக்கும். நேரே கொண்டுவந்து இருட்டு ஹோலில் வைத்தால் இலை கொட்டும். முதல் இரண்டு கிழமை விறாந்தையில் வெயில் படாத இடத்தில் வையுங்கள், பிறகு வாசலுக்கு உள்ளே, பிறகு அதன் இடத்துக்கு. இந்தக் காலத்தில் சாடி மாற்றாதீர்கள், பசளை போடாதீர்கள். அடியில் ஓரிரண்டு பழைய இலை மஞ்சளானால் பயப்படவும் தேவையில்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில் தன்னால் தாங்க முடியாத இலையைக் கன்று தானாகவே கழிக்கும்.

மண் விஷயத்தில் வலிகாமத்துச் செம்மண்ணைப் பற்றிப் பெருமைப்பட எங்களுக்கு உரிமை இருக்கிறது, வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த மண். ஆனால் அதைத் தனியாகச் சாடியில் நிரப்பினால், திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுப் படிந்து, செங்கல்போல் இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, உமிக்கரியோ அரித்த குறுமணலோ ஒரு பங்கு, மக்கிய இலையெரு கால் பங்கு. மருளுக்கும் ஸீஸீக்கும் உடைத்த ஓட்டுத் துண்டு இன்னொரு பங்கு கூட்டுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து எடுங்கள். கடற்கரை மணலைத் தொடவே கூடாது. அடியில் கல்லுப் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் செய்கிறோம், உண்மையில் கல்லுக்கு மேலே இருக்கிற மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே விடாது, ஈரம் வேருக்கு இன்னும் கிட்ட வந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் ஒரு ஓட்டுத் துண்டோ வலைத்துண்டோ வைத்தால் போதும். ஓட்டை இல்லாத வடிவான பீங்கான் சாடி ஆசையாக இருந்தால், கன்றைப் பிளாஸ்ரிக் சாடியிலேயே விட்டு அதற்குள் இறக்கி வையுங்கள், தண்ணீர் விடும்போது வெளியே தூக்கி எடுத்து விடுங்கள்.

இனிக் கிணற்றுத் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே இருக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் சாடி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூச்சாகப் படிகிறது. கடலோரப் பக்கத்துக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். மருளுக்கு இது பெரிய விஷயமில்லை. பீஸ் லில்லி, கலாத்தியா, லக்கி பம்பூ இவற்றுக்குத்தான் இலை நுனி மண்ணிறமாகிக் கருகும். மாரியில் தாவாரத்தால் வடிகிற மழைத்தண்ணீரை, முதல் மழை புழுதியைக் கழுவிப் போன பிறகு, மூடியுள்ள பரலில் பிடித்து வைத்தால் இந்தச் சிலதுக்கு மாதக்கணக்கில் காணும். அது முடிந்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல் தண்ணீரை எடுக்கலாம், சுண்ணாம்பின் ஒரு பகுதி குறையும். ஏசி வைத்திருக்கிற வீடுகளில் அதன் குழாயால் வடிகிற தண்ணீரும் மென்தண்ணீர்தான், வீணாக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாடியை வெளியே கொண்டுபோய் மென்தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்புக் கழுவிப் போகும்.

தண்ணீர் தேங்குவதில் டெங்கு இருக்கிறது, இதில் விளையாட்டு வேண்டாம். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடும், முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். சாடியின் கீழ்த்தட்டு, மணி பிளான்ட் போட்ட போத்தல், லக்கி பம்பூ கிண்ணம் எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். போத்தல் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மாரி மாதங்களில் நான் போத்தல்களை எல்லாம் எடுத்துவிட்டு மண்ணிலேயே நட்டுவிடுகிறேன்.

சோளகம் வீசும் காலத்தில் இலையில் செம்புழுதி படியும். ஈரத்துணியால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இலைக்குக் கீழே ஒரு கையை ஏந்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் துடையுங்கள். ஏற்கெனவே குறைந்த வெளிச்சம், அதிலும் பாதியைப் புழுதி மறைத்தால் கன்று என்ன செய்யும்? மினுங்க வேண்டும் என்று தேங்காயெண்ணெய், பால் எதுவும் பூச வேண்டாம், புழுதி இன்னும் ஒட்டும். பசளை மிகக் குறைவாகப் போதும். கரைக்கிற பசளை என்றால் பைக்கற்றில் சொன்னதில் கால்வாசி அளவு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாரியில் அதுவும் வேண்டாம்.

துடைக்கும்போதுதான் பூச்சியும் கண்ணில் படும். வெண்மூட்டுப்பூச்சி சிலது மட்டும் என்றால் பஞ்சில் ஸ்பிரிற் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். அதிகம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவுகிற திரவமும் கலந்து நன்றாகக் குலுக்கி, பின்னேரத்தில் வெளியே வைத்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள், கிழமைக்கு ஒருமுறை மூன்று முறை. பழத்தில் மொய்க்கிற கொசு மாதிரிச் சின்னக் கறுப்புப் பூச்சி சாடியைச் சுற்றிப் பறந்தால் மருந்து தேட வேண்டாம். மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம், காயவிட்டால் அதுகளும் போய்விடும்.

வெளிச்சம் உண்மையிலேயே போதாத இடத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஒரே இனத்தில் இரண்டு சாடி வைத்திருங்கள். ஒன்று ஹோலில் நிற்கும்போது மற்றது விறாந்தை நிழலில் நிற்கட்டும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை, செலவும் இல்லை. மற்றது பல்ப். தனியாகக் கன்றுக்கென்று விற்கிற ஊதா நிற பல்ப் தேவையில்லை, சாதாரண வெள்ளை எல்இடி 9 வாற் பல்ப்பை இலைக்கு ஓரடி ஒன்றரையடி மேலே தொங்கவிட்டு நாளுக்கு 12 மணித்தியாலம் எரித்தால் இந்தக் கன்றுகளுக்குப் போதும். மாதத்துக்கு மூன்று யூனிற்றுக்குச் சற்று மேல்தான் வரும்.

கன்று வைத்தால் அறைக் காற்றுச் சுத்தமாகும் என்பதற்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். நாசா 1989 இல் செய்த ஆய்வு சின்ன அடைத்த பெட்டிக்குள் செய்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், சாதாரண வீட்டில் யன்னலைத் திறப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் கன்று வேண்டும் என்று எழுதினார்கள். ஆகவே காற்றுக்கு யன்னலைத் திறவுங்கள். அப்படியே அந்தத் தடித்த சீலையையும் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை ஒதுக்கிவிட்டால் கன்றுக்கும் நல்லது.

இந்தக் கிழமையே தொடங்குகிறதென்றால் ஒரே ஒரு மருளும் ஒரு முழம் மணி பிளான்ட்டும் போதும். இரண்டையும் ஒரு மாரி தாண்ட வைத்துவிட்டு, தையில் வெயில் திரும்பிய பிறகு அக்லோனீமா வாங்கப் போங்கள்.